வீட்டு முயல்: வாங்கும் முன்னும் இணை சேர்க்கும் முன்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை தமிழ்நாட்டில் செல்லப்பிராணியாக முயல் வளர்ப்பவர்களுக்கான பதில்கள். இறைச்சிக்காகப் பண்ணை வைப்பதன் கணக்கு வேறு, அது இங்கே இல்லை.

பிள்ளை முயல் வேண்டும் என்று அடம் பிடிக்கிறது. வாங்கித் தரலாமா?

வீட்டில் பெரியவர் ஒருவர் அதை முழுப் பொறுப்பாக ஏற்றுக்கொள்வதாக இருந்தால் வாங்கலாம். ஒழுங்காகக் கவனித்தால் முயல் 8 முதல் 12 ஆண்டு வரை இருக்கும். இன்று நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் அது அதே வீட்டில் தினமும் புல் கேட்டுக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான முயல்களுக்குத் தூக்குவது பிடிக்காது. தரையை விட்டு உயர்த்தினால், வேட்டை விலங்கு கவ்விவிட்டது போல மிரண்டு உதறும். அதன் பின்னங்கால் வலிமைக்கு முதுகெலும்பு தாங்காது. பிடி நழுவும்போது உதைத்தால் முதுகெலும்பே முறியலாம். தூக்கியே ஆக வேண்டுமானால் ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில், உடல் உங்கள் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது எந்த வயதிலும் கூடாது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, முயல் தானாக வந்து பழகுவதற்குக் காத்திருக்கட்டும்.

எத்தனை வாரக் குட்டியை வாங்குவது?

8 வாரம் ஆன குட்டியை. சந்தையிலும் கடையிலும் உள்ளங்கையில் அடங்கும் 3, 4 வாரக் குட்டிகளை விற்பது, அந்த அளவில்தான் அவை விலை போகும் என்பதற்காக. வீட்டுக்கு வந்த சில நாளில் கழிச்சல் கண்டு சாகும் குட்டிகளில் பல இப்படிச் சீக்கிரம் பிரிக்கப்பட்டவை. தாய்ப்பால் குடிக்கும் வரை குட்டியின் குடலை அந்தப் பாலே கிருமிகளிடமிருந்து காக்கிறது. இரைப்பையின் அமிலமும் வளர்ந்த முயலுக்கு இருக்கும் அளவு இன்னும் சுரப்பதில்லை. பாலை நிறுத்தி, அட்டைப்பெட்டியில் போட்டுப் பயணம் செய்ய வைத்து, அன்றே கேரட்டும் முட்டைக்கோசும் கொடுத்தால் குடல் தாங்காது. இந்த வயதில் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் சேர்ந்துகொள்ளும்.

கடைக்காரர் “இது குள்ள இனம், இதற்கு மேல் வளராது” என்று சொன்னால் தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். இங்கே அப்படிச் சொல்லி விற்கப்படும் வெள்ளைக் குட்டிகளில் நிறைய நியூசிலாந்து வெள்ளை இனத்தவை. அவை வளர்ந்தால் 4 கிலோவைத் தாண்டும். வளர்ந்த பிறகு “இவ்வளவு பெரிதாகும் என்று தெரியாது” என்று கைவிடப்படுவதற்கு இந்த ஒரு பொய்யே போதுமானதாக இருக்கிறது. செல்லப்பிராணிக் கடைகள் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

என்ன கொடுக்கலாம், எவ்வளவு?

தட்டில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் புல்தான் இருக்க வேண்டும், பச்சையாகவோ காய்ந்ததாகவோ. முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். வெட்டுப்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீள்கிறது. நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் கடைவாய்ப்பல் தேயும், குடலும் நகரும். பெல்லட் எனப்படும் குச்சித் தீவனமும் தானியமும் இரண்டு கடியில் உள்ளே போய்விடுவதால் அந்த வேலை நடப்பதில்லை.

நம் ஊரில் கிடைப்பவற்றில் அறுகம்புல், கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் மூன்றும் நல்லவை. கடையில் விற்கும் இறக்குமதி டிமோத்திப் புல் நல்லதுதான், ஆனால் அதை வாங்க வசதியில்லை என்பதால் பெல்லட்டை மட்டும் போட்டு வளர்க்க வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல்லைப் பூக்கும் பருவத்தில் அறுத்து, மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டிவிட்டு, தண்டை மடித்தால் ஒடியும் வரை காயவைத்துக் காற்றோட்டமான இடத்தில் கட்டி வையுங்கள். கருத்தோ பூசண வாடை அடித்தோ இருந்தால் அதைக் கொட்டிவிட வேண்டும். 2 கிலோ முயல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் காய்ந்த புல் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தீர்ந்தால் இன்னும் போடுங்கள், அதற்கு உச்சவரம்பு இல்லை. நெல் வைக்கோலில் சத்து மிகக் குறைவு, படுக்கைக்கு அது போதும். சாலையோரப் புல்லில் பூச்சிமருந்தும் நாய் மூத்திரமும் இருக்கும். அறுத்த பச்சைப் புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும்; அதைத் தின்றால் வயிறு உப்பும்.

கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை போன்றவை உடல் எடைக்குக் கிலோவுக்கு ஒரு கைப்பிடி போதும். குதிரைமசால், வேலிமசால், முருங்கைக்கீரை, அகத்தி எல்லாம் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்தவை. 6 மாதம் வரை வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தாராளமாகத் தரலாம். வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புச் சேறு படியும். சூபாபுல் இலையை ஆட்டுக்குப் போடுவது போல முயலுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் முடியை உதிர்க்கும். அரளி, எருக்கு, ஊமத்தை, உருளைக்கிழங்குச் செடி, வெங்காயம், பூண்டு ஆகியவை நஞ்சு.

பெல்லட் கிலோவுக்கு 20 முதல் 25 கிராம், அதற்கு மேல் வேண்டாம். கேரட் இனிப்புப் பண்டம், வாரத்தில் இரண்டு நாள் ஒரு சிறு துண்டு. சோறு, இட்லி, பிஸ்கட், ரொட்டி, ஊறவைத்த கடலை எதுவும் கூடாது. தண்ணீரைக் கவிழாத மண்சட்டியில் வையுங்கள். நாசில் பாட்டிலைவிடக் கிண்ணத்தில்தான் முயல் அதிகமாகக் குடிக்கும்.

இரவில் முயல் தன் பின்புறத்தில் வாய் வைத்து மென்மையான, பளபளப்பான புழுக்கையைத் தின்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையில் நொதித்து வரும் சத்து அதில்தான் இருக்கிறது. அதைத் தின்னாமல் விட்டு, அது ரோமத்தில் அப்பியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒன்று பெல்லட் அதிகம், அல்லது முயல் குனிய முடியாத அளவு பருத்திருக்கிறது.

சென்னை, மதுரை, வேலூர் வெயிலில் வளர்க்க முடியுமா?

முடியும், ஆனால் ஏப்ரலும் மேயும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் மாதங்கள் அல்ல. முயலுக்கு இதமான வெப்பம் 15 முதல் 22 டிகிரி செல்சியஸ். 30-ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். அதற்கு வியர்க்காது, காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மொட்டை மாடித் தகரக் கொட்டகை, மூடிய பால்கனி, மாலை வெயில் விழும் ஜன்னலோரம் இவற்றில் முயல் இறந்துபோகும்.

வீட்டுக்குள் தரைத்தளத்தில், சிமெண்டுத் தரையோ கடப்பைக் கல்லோ இருக்கும் அறை நல்லது. தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றிப் படுக்கும் இடத்தில் வைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரத் துணியால் காதைத் துடைக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கு நனைந்து தலை பின்னால் சாய்ந்தாலோ, ஐஸ் தண்ணீரில் முக்காமல் சாதாரணத் தண்ணீரால் காதையும் பாதத்தையும் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். முயலைக் குளிப்பாட்டுவதும் கூடாது. அடர்ந்த ரோமம் காய நேரமாகும், அதிர்ச்சியிலேயே உயிர் போகலாம்.

கூண்டு எவ்வளவு பெரியது?

கடையில் “முயல் கூண்டு” என்று விற்பவை பெரும்பாலும் படுக்கும் இடத்துக்கு மட்டுமே ஆகும். மூன்று தாவல் தாவவும், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும் இடம் வேண்டும். இரண்டு முயலுக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் தரை நியாயமான அளவு. கம்பி வலைத் தரையில் நாள் முழுக்க நின்றால் உள்ளங்கால் புண்ணாகும், ஆகவே மேலே பலகையும் வைக்கோலும் போடுங்கள். மின்கம்பிகளை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். இரவில் கதவு பூட்டியிருக்கட்டும். பூனையும் கீரியும் பெருச்சாளியும் வரும்.

காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை. நாளை பார்க்கலாமா?

கூடாது. 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயல் அவசர நோயாளி. குடல் நின்றுவிட்டால் வாயு சேரும், வலியால் மேலும் தின்னாது, கல்லீரலில் கொழுப்பு படியும், இரண்டு நாளில் முடிந்துவிடும். மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைச் சத்தமாக நறநறப்பது வலியின் அடையாளம். காரணம் பல்லாகவும் இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம், தீவன மாற்றமாகவும் இருக்கலாம். அதை மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போகும்போது மருந்து பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். நாய்க்கும் மனிதருக்கும் வழக்கமாகத் தரும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியே கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் சாகும். லின்கோமைசினும் கிளின்டாமைசினும் அப்படியே. உண்ணிக்காக நாய் மேல் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது. காதிலும் மூக்கிலும் பொருக்குத் தட்டும் சொறி இங்கே மிகச் சாதாரணம். எடை பார்த்து ஐவர்மெக்டின் ஊசி, 10 முதல் 14 நாள் இடைவெளியில் மறுபடியும் போட்டால் தீரும். வேப்பெண்ணெய் பூசி மாதக்கணக்கில் காத்திருப்பது வலியை நீட்டிப்பதுதான்.

ஒன்று போதுமா, ஜோடியாக வேண்டுமா?

முயல் கூட்டமாக வாழும் விலங்கு, துணை இருந்தால் நல்லது. ஆனால் கடையில் “ஜோடி” என்று வாங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இரண்டும் பெட்டை என்று சொல்லி ஆணும் பெண்ணும் கொடுப்பார்கள், அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். 8 வாரத்துக்கு முன் ஆணா பெண்ணா என்று கண்டறிவது பழகிய கைக்கும் தவறும். பிறப்புறுப்பை மெதுவாக அழுத்திப் பார்த்தால் ஆணுக்கு வட்டமான குழல், பெண்ணுக்கு நீளவாக்கில் பிளவு. 10 முதல் 12 வாரத்தில் விதை இறங்கிவிடும், அப்போது மறுபடி பாருங்கள். சிறிய இனங்கள் நான்காம் மாதத்திலேயே பருவத்துக்கு வரும், உடன்பிறப்பு என்ற தயக்கம் அவற்றுக்கு இல்லை.

கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும்தான் நிம்மதியான ஜோடி. கருத்தடை செய்யாத இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று விதைப்பை கிழியக் கடிக்கும்.

கருத்தடை அறுவை அவசியமா? உயிருக்கு ஆபத்து என்கிறார்களே?

பெண் முயலுக்கு அறுவை செய்யாமல் இருப்பதில்தான் பெரிய ஆபத்து. கருப்பைப் புற்று முயல்களில் அசாதாரணமாக அதிகம். 5 வயதைக் கடந்த, கருத்தடை செய்யாத பெட்டைகளில் பாதிக்கு மேல் அது வந்ததாக, ஆய்வுக்காக வளர்க்கப்பட்ட முயல் கூட்டங்களில் பதிவாகியிருக்கிறது. சிறுநீரோடு இரத்தம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

பெண்ணுக்கு 5, 6 மாதத்திலும் ஆணுக்கு விதை இறங்கிய பின் 4 மாதத்திலும் செய்யலாம். மயக்கத்தில் முயல் நாயைவிடச் சிக்கலானது என்பது உண்மை, ஆகவே மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: முயலுக்கு இதற்கு முன் செய்திருக்கிறாரா, வலிமருந்து தருவாரா, உடலைச் சூடாக வைத்திருக்க என்ன ஏற்பாடு? “முந்தைய இரவிலிருந்து பட்டினி போடுங்கள்” என்றால் அவருக்கு முயல் பழக்கமில்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி அதன் குடலைத்தான் நிறுத்தும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளிலும் முதலில் விசாரிக்கலாம். அறுவைக்குப் பிறகும் ஆண் முயலிடம் 4 முதல் 6 வாரம் வரை விந்தணு தங்கியிருக்கும், அதுவரை தனியே வையுங்கள்.

ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு நல்லது, இல்லையா?

இல்லை. அதற்கு எந்த உடல்நலக் காரணமும் கிடையாது. ஈன்றதால் பிற்காலப் புற்று தடைபடுவதும் இல்லை.

வீட்டில் குட்டி எடுப்பதில் அப்படி என்ன தவறு?

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். சினைக்காலம் 30 முதல் 32 நாள். பெட்டைக்கு மாத விலக்குச் சுழற்சி கிடையாது, இணை சேர்ந்த பத்து மணி நேர அளவில் கருமுட்டை வெளியாகும். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஆண்டுக்கு ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஆறு குட்டி என்று வைத்தால் ஒரு தாயிடம் 30 குட்டிகள், ஒவ்வொன்றும் பத்தாண்டு உயிர். முதல் ஈற்றுக் குட்டிகளை அக்கம்பக்கத்தார் ஆசையாக வாங்குவார்கள். இரண்டாவதிலிருந்து வாங்க ஆள் இருக்காது. அதன் பிறகு அவை கடைக்குப் போகும், கடையிலிருந்து யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகவோ, பாம்புக்கு இரையாகவோ, கறியாகவோ போகலாம்.

அதனால் எங்கள் நிலைப்பாடு இது: பிறக்கப்போகும் ஒவ்வொரு குட்டிக்கும் பெயர் தெரிந்த வீடு முன்பே கிடைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் போனால், ஆறு ஆண்டு கழித்தாலும், அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள உங்களுக்கு இடமும் பணமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் இணை சேர்ப்பது, அடுத்தவர் தலையிலும் அந்தக் குட்டிகள் தலையிலும் உங்கள் ஆசையின் செலவை ஏற்றுவது. “பார்க்க அழகாக இருக்கும்”, “பிள்ளைகள் பிரசவத்தைப் பார்க்கட்டும்” என்பவை ஓர் உயிரை உண்டாக்கப் போதுமான காரணங்கள் அல்ல.

எந்த முயல்களை ஒருபோதும் இணை சேர்க்கக் கூடாது?

முதலில், பல் கோணியவை. மேல் வெட்டுப்பல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போயிருக்கும் முயலின் குறை பல நேரம் பரம்பரையானது. குட்டிக்கும் வந்தால் வாழ்நாள் முழுக்கச் சில வாரங்களுக்கு ஒருமுறை பல்லைத் தேய்த்துவிட வேண்டும்.

அடுத்தது, நெதர்லாந்து டுவார்ஃப் போன்ற உண்மையான குள்ள இனங்கள் இரண்டை ஒன்றோடொன்று சேர்ப்பது. குள்ள மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்துவிட்டால் குட்டி பிழைக்காது. சராசரியாக நான்கில் ஒரு குட்டி அளவில் சுருங்கி, தலை பெருத்துப் பிறந்து, சில நாளில் இறக்கும். இது தற்செயல் அல்ல, இணை சேர்த்தபோதே தெரிந்த கணக்கு. தெரிந்தே அதைச் செய்வதை எங்களால் ஏற்க முடியவில்லை.

வெள்ளை உடலில் கரும்புள்ளி உள்ள இரண்டு முயல்களைச் சேர்த்தாலும் இதே வகை ஆபத்து உண்டு. புள்ளி மரபணு இரட்டையாக வந்த குட்டி, பெரும்பாலும் வெண்மையாகச் சில புள்ளிகளோடு மட்டும் பிறக்கும். அவற்றில் பலவற்றுக்குப் பெருங்குடல் வீங்கி வேலை செய்யாமல் போகும். தட்டை முகமும் தொங்கு காதும் விலை கூட்டுகின்றன, ஆனால் தட்டை முகத்தில் பல் நெரிசலும் கண்ணீர்க் குழாய் அடைப்பும், தொங்கு காதில் காது அழற்சியும் கூடவே வருகின்றன. இன்னும் தட்டையாக, இன்னும் நீளமாக என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போகக் கூடாது.

இவை தவிர அண்ணன் தங்கை, தகப்பன் மகள், மூக்கொழுகும் முயல், தலை சாயும் முயல், உடல் வளர்ச்சி முடியாத பெட்டை, முந்தைய ஈற்றில் இளைத்துப்போய் இன்னும் தேறாத தாய். இவை எதையும் சேர்க்காதீர்கள்.

தெரியாமல் சினையாகிவிட்டது. இப்போது?

முதல் வேலை ஆணை வேறு அறைக்கு மாற்றுவது. ஈன்ற சில மணி நேரத்தில் அது மறுபடி சினையாக்கிவிடும். ஆரம்ப நாட்களிலேயே கவனித்தால், சினைப்பெட்டைக்கு அறுவை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றில் 10 முதல் 14 நாளில் மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லலாம். பெட்டை புல்லைக் கவ்விச் சேர்த்து ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டுகிறது என்பதால் மட்டும் சினை என்று முடிவு கட்ட வேண்டாம். பொய்ச் சினையிலும் 16 முதல் 18 நாளில் இதே வேலை நடக்கும்.

28-ஆம் நாள் ஈற்றுப் பெட்டி வையுங்கள். நடுத்தர இனத்துக்கு 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். முன்பக்கம் தாய் தாண்டும் அளவு தாழ்ந்திருக்கட்டும். உள்ளே வைக்கோல். நூலும் பழந்துணியும் போட்டால் குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். ஈன்றதும் கையைக் கழுவித் தாயின் உடலில் தடவிவிட்டுப் பெட்டியைப் பாருங்கள், இறந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் அகற்றுங்கள். தாய் குட்டியைத் தின்பது கொடூரத்தால் அல்ல. தண்ணீர்க் குறைவு, கூட்டம் கூடிப் பார்ப்பது, நாய் குரைப்பது போன்ற மிரட்சியே வழக்கமான காரணங்கள்.

தாய் பெட்டி பக்கமே போகவில்லை. பால் கொடுக்கவில்லையா?

பெரும்பாலும் கொடுத்திருக்கும். தாய் முயல் நாளுக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டும் பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். அது எப்போதும் கூட்டில் இருந்தால் வேட்டை விலங்குக்கு வழி காட்டிவிடும் என்பதால் இயற்கை அமைத்த முறை. காலையில் குட்டிகளின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு, தோல் இழுபட்டு இருந்தால் பால் குடித்தாகிவிட்டது. சுருங்கி, தோல் மடிந்து, சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் எடை போடுவது இதைவிடத் துல்லியம்.

பால் இல்லாவிட்டால் பசும்பாலைக் கொடுக்காதீர்கள், முயல்பால் அதைவிட மிகவும் கெட்டி. பூனைக்குட்டிகளுக்கான பால்பொடியை மருத்துவர் சொல்லும் அளவில் கரைத்து, குட்டியை நிமிர்த்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மல்லாத்தினால் நுரையீரலுக்குள் போகும். கண் 10 முதல் 12 நாளில் திறக்கும்.

வளர்க்க முடியவில்லை. காட்டிலோ கல்லூரி வளாகத்திலோ விட்டுவிடலாமா?

அது மெதுவான கொலை, சட்டப்படியும் குற்றம். பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதை விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960 தடை செய்கிறது. வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பாவின் குழிமுயல். நம் புதர்க்காட்டில் ஓடும் காட்டு முயல் வேறு இனம், வளை தோண்டாது, அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும்; இரண்டும் கலந்து இனம் பெருக்காது. வெள்ளை ரோமமுள்ள வீட்டு முயலை வெட்ட வெளியில் நாயும் பருந்தும் முதல் நாளிலேயே பார்த்துவிடும். விட்டவை பிழைத்துக்கொண்டாலும் நல்லதல்ல: 1859-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வேட்டைக்காக விடப்பட்ட ஏறத்தாழ இரண்டு டஜன் முயல்களின் வழித்தோன்றல்கள் அந்தக் கண்டத்தின் புல்வெளியையே மொட்டையடித்தன.

வாங்கிய இடத்தில் முதலில் கேளுங்கள். இல்லையெனில், கருத்தடை செய்துவிட்டு வீடு தேடுங்கள். குட்டி எடுக்கவும் கறிக்கும் வாங்குபவர்கள் அப்போது தாமாகவே விலகிவிடுவார்கள். இலவசம் என்று அறிவிக்காமல் ஒரு தொகை கேளுங்கள். வாங்க வருபவர் வீட்டுக்கு நீங்கள் போய், முயல் இருக்கப்போகும் இடத்தை நேரில் பாருங்கள். கொடுக்கும்போது ஒரு வாரத்துக்குப் பழைய தீவனத்தையும், அது தின்னும் புல், மருத்துவர் பெயர், கடைசியாகச் சொறி ஊசி போட்ட தேதி எல்லாம் எழுதிய தாளையும் கூடவே அனுப்புங்கள்.